வெளிய கால்சியமே இல்ல, ஆனா நியூரானுக்குள்ள கால்சியம் ஏறுது. எங்கருந்து வருது?

சுண்டெலி_நியூரான்

வணக்கம் மக்களே. பிஎச்டி ரெண்டாவது வருஷம், இதுவரைக்கும் பண்ணது பூரா வெஸ்டர்ன் பிளாட் தான், கால்சியம் இமேஜிங் பக்கம், அதாவது செல்லுக்குள்ள கால்சியம் ஏறுறத சாயம் வச்சு பாக்குற வேலைக்கு, வந்து நாலு மாசம் கூட ஆகல, அதனால கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாம சொல்லுங்க.

எலிக் கருவோட ஹிப்போகேம்பஸ் (மூளைல ஞாபகத்துக்கான பகுதி) நியூரான், கவர்ஸ்லிப்ல, அதாவது மெல்லிசான கண்ணாடித் துண்டுல, 14 நாள் வளர்ந்தது. ஃபுரா-2 ஏஎம்ங்கற கால்சியம் காட்டுற சாயம் 2 மைக்ரோமோலார் அரை மணி நேரம் லோடிங், 20 நிமிஷம் வாஷ். 340, 380 நானோமீட்டர் ரெண்டுலயும் மாத்தி மாத்தி லைட் அடிச்சு ரேஷியோ எடுக்குறேன், கால்சியம் ஏறுனா ரேஷியோ ஏறும். ஒரு ஃபீல்டுக்கு 40 செல் கிட்ட கிடைக்கும், செல் உடம்புல தான் வட்டம் போட்டு அளக்குறேன்.

சாதா பஃபர்ல, அதாவது கால்சியம் 2 மில்லிமோலார் மெக்னீசியம் 1 மில்லிமோலார், குளூட்டமேட், அதாவது நியூரான் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குற கெமிக்கல், போட்டா எல்லா செல்லும் ஜிவ்வுனு ஏறுது. சரி சந்தோஷம். அடுத்து என்எம்டிஏ, குளூட்டமேட் ரிசெப்டர்ல ஒரு வகைய மட்டும் தட்டுற மருந்து, அத மட்டும் போட்டேன், புக்குல எல்லாம் என்எம்டிஏ ரிசெப்டர் தான் கால்சியத்துக்கு பெரிய வாசல்னு போட்டிருக்கேன்னு ஆசையா பாத்தா கோடு நேரா போகுது, ஒண்ணுமே இல்ல. மெக்னீசியம் இல்லாத பஃபர்ல போட்டா பயங்கரமா ஏறுது. மெக்னீசியம் பிளாக்னு படிச்சிருக்கேன், ஆனா அப்போ அதே மெக்னீசியம் இருக்கும்போது குளூட்டமேட் மட்டும் எப்படி வேலை செஞ்சுது?

உண்மையா மண்டைய குடையறது இனிமே தான். டிஹெச்பிஜின்னு ஒரு மருந்து, மெட்டபோட்ராபிக் குளூட்டமேட் ரிசெப்டர்ல முதல் குரூப்ப மட்டும் தட்டும். அத கால்சியம் சுத்தமா இல்லாத பஃபர்ல, 1 மில்லிமோலார் ஈஜிடிஏ (மிச்சமிருக்குற கால்சியத்த கவ்விக்குற பொருள்) வேற போட்டு, குடுத்தேன். 40ல 12 செல்லுல சின்னதா ஒரு மேடு வந்து அரை நிமிஷத்துல இறங்கிருச்சு. அதே டிஷ்ல ரெண்டாவது தடவை குடுத்தா ஒண்ணும் இல்ல. திரும்ப கால்சியம் உள்ள பஃபர் ஓடவிட்டு பத்து நிமிஷம் கழிச்சு குடுத்தா மறுபடி வருது.

லேப்ல சீனியர் ஒருத்தர் சொல்றார், ரிசெப்டர்ங்கறது கதவு, வெளிய ஆளே இல்லன்னா கதவு தொறந்து யார் உள்ள வருவா, உன் பஃபர்ல எங்கயோ கால்சியம் கலந்திருக்கு போய் புதுசா போடுன்னு. ஒரு வாரமா பஃபர் தான் போட்டுட்டு இருக்கேன். கண்ணாடி பாட்டில்ல இருந்து பிளாஸ்டிக் மாத்தியாச்சு, தண்ணி மாத்தியாச்சு, ஈஜிடிஏ புது டப்பா ஒடைச்சாச்சு, அந்த மேடு மட்டும் மாறாம வந்து நிக்குது.

அப்புறம் கடைசியா ஒண்ணு, பேக்லோஃபென் போட்டேன், காபா-பி ரிசெப்டர தட்டுற மருந்து. ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. அப்போ அந்த ரிசெப்டருக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதிடலாமா?

லேப்கோட்_கோபாலு

சீனியர் சொல்றது கரெக்ட் தான். கால்சியம் சுத்தமா இல்லாத பஃபர்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது, உப்புலயே ஒட்டிக்கிட்டு வரும், நல்ல தண்ணிலயே சில மைக்ரோமோலார் இருக்கும். ஈஜிடிஏவ 5 மில்லிமோலாருக்கு ஏத்துங்க, மேடு காணாம போயிரும். அனுபவத்துல சொல்றேன்.

ஃபுராவும்_நானும்

கோபாலு, 5 மில்லிமோலார் போட்டு அரை மணி நேரம் ஊற வச்சா மேடு மட்டுமில்ல செல்லே கவர்ஸ்லிப்ப விட்டு உரிஞ்சு போயிரும் 😀 பிஹெச் சரி பண்ணாம ஊத்துனா இன்னும் கூத்து, ஈஜிடிஏ கால்சியத்த புடிக்கும்போது புரோட்டான விடும், பிஹெச் இறங்குனா அதோட பிடியே தளர்ந்துரும்.

கணக்கு போட்டுப் பாப்போமே. கலப்படம் 10 மைக்ரோமோலார்னே வச்சுக்கோங்க, ரொம்ப அழுக்கு பஃபர்னு அர்த்தம். ஈஜிடிஏ 1 மில்லிமோலார், அதாவது நூறு மடங்கு அதிகம். பிஹெச் 7.4 கிட்ட ஈஜிடிஏவோட கேடி, அதாவது கால்சியத்த எவ்ளோ இறுக்கமா புடிக்கும்ங்கற அளவு, சுமாரா 100 நானோமோலார்னு எடுத்தா, புடிபடாம மிதக்குற கால்சியம் 1 நானோமோலார் கிட்ட தான் வரும். செல்லுக்குள்ள சும்மா இருக்கும்போதே 100 நானோமோலார் இருக்கு. வெளிய இருக்குறது செல்லுக்குள்ள இருக்குறத விட நூறு மடங்கு கம்மி. மெம்பிரேன் வோல்டேஜ் உள்ள இழுக்குமேன்னு யாராவது கேப்பாங்க, இழுக்கட்டும், இழுக்குறதுக்கு ஆள் வேணுமே. அதனால சுண்டெலி, உன் பஃபர் நல்ல பஃபர், அந்த ஒரு வாரம் வீண்.

ரிசெப்டர்னா கதவுங்கறது பாதி தான் உண்மை. சில ரிசெப்டர் கதவு, சிலது வெறும் காலிங் பெல். டிஹெச்பிஜி தட்டுறது காலிங் பெல்ல. மெட்டபோட்ராபிக் ரிசெப்டர் 1, 5 ரெண்டுலயும் ஓட்டையே கிடையாது, ஒரு அயனி கூட அது வழியா போகாது. வெளிய குளூட்டமேட் ஒட்டுனா உள்பக்கம் ஜிக்யூங்கற ஜி-புரோட்டீன உசுப்பி விடும், அது பாஸ்போலிபேஸ்-சி என்சைம தட்டும், அந்த என்சைம் மெம்பிரேன்ல இருக்குற பிப்-2ங்கற கொழுப்ப ரெண்டா நறுக்கும். ஒரு துண்டு டிஏஜி, மெம்பிரேன்லயே தங்கிரும். இன்னொரு துண்டு ஐபி-3, தண்ணில கரையும், நீந்திப்போய் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல (சுருக்கமா ஈஆர், செல்லுக்குள்ள கால்சியத்த சேத்து வைக்குற பை) இருக்குற தன்னோட ரிசெப்டர்ல ஒட்டி அங்க இருக்குற கதவத் தொறக்கும். ஈஆர் உள்ள கால்சியம் நூத்துக்கணக்கான மைக்ரோமோலார் இருக்கும், கொட்டும்.

வீட்டுல தண்ணி வர்ற மாதிரி நெனச்சுக்கோ. தெருக்குழாய் ஒண்ணு, மாடி டேங்க் ஒண்ணு, ஈஆர் தான் டேங்க். நீ தெருக்குழாய அடைச்சுட்ட, ஆனா டேங்க்ல தண்ணி இருக்கே, அதான் முதல் தடவை வந்துது. ரெண்டாவது தடவை டேங்க் காலி, ஏன்னா வெளிய வந்த கால்சியத்துல ஒரு பங்க மெம்பிரேன்ல இருக்குற பம்ப் வெளிய தள்ளிருச்சு, வெளிய இருக்குற ஈஜிடிஏ லபக்குனு புடிச்சுக்கிச்சு, திரும்பி வர வழியில்ல. கால்சியம் பஃபர் ஓடவிட்டதும் ஈஆர்ல இருக்குற செர்கா பம்ப் இழுத்து இழுத்து டேங்க ரொப்பிருச்சு, மறுபடி மேடு.

இது ஒண்ணும் புது விஷயம் இல்ல, ஐபி-3 கால்சியத்த கொட்ட வைக்கும்ங்கறது 1983லயே வந்தாச்சு, ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷூல்ட்ஸ் நாலு பேரும் காட்டுனது, அதுவும் நியூரான்ல இல்ல, கணையச் செல்லுல. மூளைல அந்த ரிசெப்டர் எக்கச்சக்கமா இருக்குற இடம் சிறுமூளைல பர்கின்ஜி செல், ஜப்பான்ல மிக்கோஷிபா குரூப் 1989ல அங்க இருந்து தான் அதோட முழு சீக்வென்ஸ எடுத்தாங்க.

ஏன் 12 செல்லுல மட்டும்னு கேட்டா, ஹிப்போகேம்பஸ் நியூரான் சும்மா உக்காந்திருக்கும்போது டேங்க் பாதி காலியா தான் இருக்கும், நீ ஈஜிடிஏல வச்சதும் ஒழுகி இன்னும் குறையும். ஒரு தந்திரம் சொல்றேன். கால்சியம் பஃபர்ல கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஒரு தட்டு தட்டு, 30 மில்லிமோலார் போதும், செல் டிபோலரைஸ் ஆகி, அதாவது உள்பக்க நெகட்டிவ் வோல்டேஜ் குறைஞ்சு, கால்சியம் உள்ள வந்து டேங்க் ரொம்பும். பேஸ்லைன் இறங்குனதும் கால்சியம் இல்லாத பஃபருக்கு மாறி உடனே, சும்மா ஒரு நிமிஷத்துக்குள்ள, டிஹெச்பிஜி குடு. எத்தன செல் வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு.

பழைய_ரிக்

ஏம்மா, அந்த டேங்க் கதைல ஒரு திருத்தம், அப்புறம் உன் என்எம்டிஏ கேள்விக்கு வரேன். ஐபி-3 ரிசெப்டர் ஐபி-3 வந்தா மட்டும் போதும்னு தொறக்குற ஆள் இல்ல. சைட்டோபிளாசத்துல கொஞ்சம் கால்சியமும் வேணும். ரொம்ப கம்மியா இருந்தா தொறக்காது, ரொம்ப அதிகமானா மூடிக்கும், நடுவுல தான் ஜோரா தொறக்கும், வரைஞ்சா மணி கவுத்தா மாதிரி இருக்கும். பெஸ்ப்ரோஸ்வானி, வாட்ராஸ், எர்லிக் 1991ல சிறுமூளை ரிசெப்டர வச்சு அளந்தது. கேசிஎல் தட்டுனதுக்கு அப்புறம் ரெஸ்பான்ஸ் பெருசாகுதுன்னா டேங்க் ரொம்புனதால மட்டும்னு எழுதிடாத, உள்ள மிச்சமிருக்குற கால்சியம் கதவுக்கு எண்ணெய் போட்ட மாதிரியும் இருக்கலாம். ரெண்டையும் பிரிக்கணும்னா இடைவெளிய மாத்தி மாத்தி பாரு.

இப்ப என்எம்டிஏ. அதுல ஓட்டை இருக்கு, கால்சியம் தாராளமா போகும், ஆனா சாதாரண வோல்டேஜ்ல, அதாவது மைனஸ் 70 மில்லிவோல்ட் கிட்ட, வெளிய இருக்குற மெக்னீசியம் அந்த ஓட்டைக்குள்ள போய் தக்கை மாதிரி அடைச்சுக்கும். 1984ல ரெண்டு குரூப் தனித்தனியா சொன்னாங்க, பாரிஸ்ல நோவாக்கும் அஷேரும் இருந்த குரூப், அமெரிக்கால மேயர், வெஸ்ட்ப்ரூக், கத்ரி. உள்பக்கம் பாசிட்டிவ் ஆக ஆக தக்கை வெளிய தள்ளப்படும். நீ என்எம்டிஏ மட்டும் போட்டப்போ கதவு தொறந்துது, தக்கை அப்படியே இருந்துது, அவ்ளோ தான்.

குளூட்டமேட் போட்டா கதை வேற, ஏன்னா அது எல்லார் வீட்டு பெல்லயும் ஒரே நேரத்துல அடிக்குற ஆள். ஆம்பாங்கற இன்னொரு வகை குளூட்டமேட் ரிசெப்டர் தொறந்து சோடியம் உள்ள பாயும், செல் டிபோலரைஸ் ஆகும், தக்கை கழண்டுரும், என்எம்டிஏ ரிசெப்டர் வழியா கால்சியம் வரும். அதோட நிக்காது, டிபோலரைஸ் ஆனதும் வோல்டேஜ் மாறுனா தொறக்குற கால்சியம் சானல் எல்லாம் தொறக்கும், எல் டைப், என் டைப், பி/க்யூ எல்லாம். நீ செல் உடம்புல வட்டம் போட்டு அளக்குறல்ல, அங்க தெரியுற ஏத்தத்துல கணிசமான பங்கு ரிசெப்டர் வழியா வந்ததே இல்ல, இந்த வோல்டேஜ் சானல் வழியா வந்தது. இத நிறைய பேர் கவனிக்கவே மாட்டாங்க, குளூட்டமேட் ஊத்திட்டு ரேஷியோ ஏறுனதும் ரிசெப்டர் கால்சியம்னு தலைப்பு போட்டுருவாங்க, நான் பேப்பர் ரிவ்யூ பண்ணும்போது முதல்ல கேக்குறதே வோல்டேஜ் சானல அடைச்சுப் பாத்தியான்னு தான்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஆம்பா ரிசெப்டர் சமாச்சாரம். அதோட குளூ-ஏ2 சப்யூனிட்ல ஓட்டையோட வாய்கிட்ட ஒரு அமினோ ஆசிட் இருக்கு. டிஎன்ஏல குளூட்டமின்னு தான் எழுதியிருக்கு. ஆனா ஆர்என்ஏ ஆனதும் அந்த ஒரு எழுத்த ஒரு என்சைம் திருத்தி ஆர்ஜினின்னு படிக்க வச்சுருது, ஆர்ஜினினுக்கு பாசிட்டிவ் சார்ஜ், கால்சியம் கிட்டயே வர முடியாது. 1991ல ஜெர்மனில சீபர்க் லேப் கண்டுபிடிச்சது. ஒரு எழுத்து. அத வச்சு ஒரு ரிசெப்டர் கால்சியம் விடுமா விடாதான்னு முடிவாகுது. குளூ-ஏ2 இல்லாத ஆம்பா ரிசெப்டர் இருக்குற நியூரான்ல, மூளைல சில இன்டர்நியூரான் அப்படி, ஆம்பா வழியாவே கால்சியம் வரும்.

இன்னொரு எச்சரிக்கை, என்எம்டிஏ போடும்போது கிளைசின் 10 மைக்ரோமோலார் சேர்த்துக்கோ, அதுவும் ஒட்டுனா தான் கதவு தொறக்கும், 1987ல ஜான்சனும் அஷேரும் காட்டுனது. மெக்னீசியம் எடுத்த பஃபர்ல டிஷ்ல இருக்குற நியூரான் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேந்து கச்சேரி ஆரம்பிச்சுரும், ரேஷியோ தானா ஏறி ஏறி இறங்கும், அத உன் மருந்தோட வேலைன்னு எண்ணிடாத. டெட்ரோடோடாக்சின், அதாவது சோடியம் சானல அடைச்சு அந்தக் கச்சேரிய நிறுத்துற விஷம், போட்டுத் தான் பண்ணனும்.

மிளகாப்பொடி

பெரியவங்க பேசுற இடத்துல குறுக்க வரேன், ஆனா ஃபுரா-2ன்னதும் சொல்லாம இருக்க முடியல. இந்த சாயத்த குறைச்சு எடை போடாதீங்க, ட்சியன் குரூப் 1985ல குடுத்தது, 1997ல மிளகாய் காரத்துக்கு ரிசெப்டர் கண்டுபிடிச்சதே இத வச்சு தான். டேவிட் ஜூலியஸ் லேப்ல வலி நியூரானோட ஜீன எல்லாம் கொத்துக்கொத்தா பிரிச்சு, சாதாரணமா காரத்துக்கு அசையாத ஒரு செல்லுக்குள்ள ஏத்தி, ஃபுரா-2 லோட் பண்ணி, மேல மிளகாய் காரமான கேப்சைசின ஊத்தி எந்த செல்லுல கால்சியம் ஏறுதுன்னு உக்காந்து பாத்தாங்க. ஏறுன கொத்த மறுபடி பிரிச்சு பிரிச்சு கடைசில ஒரே ஜீன் வந்து நின்னுது, டிஆர்பிவி-1. 43 டிகிரி சூட்டுக்கும் அதே ரிசெப்டர் தொறக்கும், அதான் காரம் தின்னா எரியுதுன்னு சொல்றோம், மூளைக்கு ரெண்டும் ஒரே தந்தி. 2021 நோபல் அதுக்கு. நாக்குல பச்சமிளகா பட்டதும் நமக்கு நடக்குறதும் ரிசெப்டர் வழியா நியூரானுக்குள்ள கால்சியம் பாயுறது தான்னு நெனச்சா அடுத்த தடவை சாப்புடும்போது ஒரு மரியாதை வரும்.

மயக்கமருந்து_மதுரை

நான் ஆராய்ச்சி பக்கம் இல்ல, அனஸ்தீசியா. ஆனா பேக்லோஃபென் கேள்விய பாத்துட்டு சும்மா போக மனசு வரல, ஏன்னா நாங்க தினமும் குடுக்குற மருந்துல பாதி இந்தக் கதை தான்.

சம்பந்தமே இல்லன்னு எழுதிடாதம்மா. காபா-பி, ஓபியாய்டு ரிசெப்டர் மாதிரி ஆளுங்க கால்சியத்த ஏத்த மாட்டாங்க, ஏற விடாம தடுப்பாங்க. ஏறாதப்போ தடுத்தா என்ன தெரியும்? காலி ரோட்டுல டிராஃபிக் போலீஸ் கைய காட்டுன மாதிரி. முதல்ல கால்சியம் ஏற வை, அப்புறம் பேக்லோஃபென் குடு.

வேலை நடக்குற விதம்: ரிசெப்டர் ஜிஐ/ஓங்கற ஜி-புரோட்டீன உடைக்கும், அதுல இருந்து பிரியுற பீட்டா-காமா ஜோடி நேரா போய் என் டைப், பி/க்யூ டைப் கால்சியம் சானல் மேல உக்காந்து தொறக்க விடாம இழுத்துப் புடிச்சுக்கும். நடுவுல என்சைம், ஐபி-3 எதுவும் வேணாம், அதான் வேகம். இந்த சானல் எல்லாம் நியூரானோட முனைல, டிரான்ஸ்மிட்டர் வெளிய விடுற இடத்துல தான் முக்கியம். அங்க கால்சியம் கொஞ்சம் குறைஞ்சாலே பெரிய வித்தியாசம், ஏன்னா டிரான்ஸ்மிட்டர் ரிலீஸ் கால்சியத்தோட கிட்டத்தட்ட நாலாவது அடுக்குல போகும்னு டாட்ஜும் ரகமிமோஃபும் தவளை நரம்பு-தசை சந்திப்புல 1967லயே காட்டிட்டாங்க. கால்சியம் பாதியானா ரிலீஸ் பதினாறுல ஒரு பங்கு. தண்டுவடத்துல மார்ஃபின் வலிய அமுக்குறதுல ஒரு பெரிய பங்கு இது தான், வலி நரம்போட முனைல கால்சியத்த குறைச்சு செய்தியே போகாம பண்ணிரும். பேக்லோஃபென தசை இறுக்கத்துக்கு தண்டுவடத் திரவத்துல பம்ப் வச்சே குடுப்பாங்க.

அதே என் டைப் சானல ரிசெப்டர் கிட்ட கேக்காம நேரா அடைக்குற மருந்தும் இருக்கு, சிக்கோனோடைடு. கடல்ல இருக்குற கூம்பு நத்தையோட விஷத்துல இருந்து வந்தது, அமெரிக்கால 2004ல அனுமதி. முதுகுல ஊசி வழியா தான் குடுக்க முடியும், சைடு எஃபெக்ட் ஒரு பக்கம் ஆளைப் படுத்தும்.

பழைய_ரிக்

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோ. கேசிஎல் ஊத்தி கால்சியத்த ஏத்திட்டு பேக்லோஃபென் குடுத்தாலும் செல் உடம்புல எஃபெக்ட் சப்புனு தான் இருக்கும், ஏமாந்துடாத. ரெண்டு காரணம். கேசிஎல் நீளமா இருந்தா என் டைப் சீக்கிரம் தூங்கிரும், எல் டைப் தான் விடாம ஓடும், பேக்லோஃபென் எல் டைப்ப பெருசா ஒண்ணும் பண்ணாது. அடுத்து, பலமா டிபோலரைஸ் பண்ணா அந்த பீட்டா-காமா பிடி நழுவிரும். அதனால எல் டைப்ப முதல்ல அடை. நிஃபெடிபின் வாங்கிடாத, லைட் பட்டா கெட்டுப்போகும், நீ 340லயும் 380லயும் வேற அடிக்குற, மருந்து உன் கண்ணு முன்னாடியே செத்துட்டு இருக்கும், நீ அடைச்சிருக்குன்னு நெனச்சுட்டு இருப்ப. நிமோடிபின் எடுத்துக்கோ, அது கொஞ்சம் தாங்கும். கேசிஎல்ல சின்னதா, சில செகண்ட் மட்டும் குடு.

சுண்டெலி_நியூரான்

ஐயோ நிஃபெடிபின் தான் ஏற்கனவே ஆர்டர் போட்டிருக்கேன் சார் 😭 சரி மாத்திக்கிறேன்.

ஃபுரா அக்கா, ஒரு சந்தேகம். எல்லாமே கடைசில கால்சியம் தானே, என்எம்டிஏ வழியா வந்தா என்ன, ஈஆர்ல இருந்து வந்தா என்ன, எல் டைப் வழியா வந்தா என்ன, செல்லுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? ரேஷியோல எல்லாம் ஒரே மேடு தானே.

ஃபுராவும்_நானும்

ரேஷியோல ஒரே மேடு, ஏன்னா நீ செல் உடம்பு மொத்தத்தையும் ஒரு வட்டத்துல போட்டு சராசரி எடுக்குற. செல்லு சராசரி எடுக்குறதில்ல, பக்கத்துல இருக்குறத தான் கேக்கும்.

ஒரு டென்டிரிட்டிக் ஸ்பைன எடுத்துக்கோ, சினாப்ஸ் உக்காந்திருக்குற அந்த சின்ன மொட்டு. கொள்ளளவு 0.1 ஃபெம்டோலிட்டர்னு வை. உள்ள 100 நானோமோலார் கால்சியம். அவகாட்ரோ நம்பரால பெருக்கிப் பாரு, வர்றது 6. ஆறு கோடி இல்ல, ஆறே ஆறு அயனி. ஒரு என்எம்டிஏ சானல் ஒரு மில்லிசெகண்ட் தொறந்தாலே நூத்துக்கணக்குல உள்ள வந்துரும். பெரும்பாலானத அங்க இருக்குற புரோட்டீன் உடனே கவ்விரும், ஆனா அந்த வாய்கிட்ட நிக்குற கால்மோடுலினும் கேம்-கைனேஸ்-2வும், கால்சியம் வந்தா முழிச்சுக்குற புரோட்டீனுங்க, அதுக்குள்ள தங்களுக்கு வேணும்ங்கறத வாங்கிரும். ஸ்பைன விட்டு கழுத்து தாண்டி வெளிய வர்றதுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்ச கதை, உன் வட்டத்துல பதியவே பதியாது. மாறா எல் டைப் வழியா செல் உடம்புல வர்றது நியூக்ளியஸுக்கு பக்கம், ஜீன் பக்கம் செய்தி போக அது தோதான இடம், க்ரெப்ங்கற புரோட்டீன பாஸ்பேட் ஒட்டி எழுப்பி விடுறதுல அதுக்கு கை உண்டு. ஈஆர்ல இருந்து வர்றது மெதுவா, அலை மாதிரி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகரும். கூடவே மெம்பிரேன்ல விட்டுட்டு வந்த டிஏஜி வேற புரோட்டீன் கைனேஸ்-சிய உசுப்பி தனி ஆட்டம் ஆடும்.

எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சுங்கறதும் கணக்குல வரும். ஒரே என்எம்டிஏ ரிசெப்டர், கால்சியம் சட்டுனு நிறைய வந்தா சினாப்ஸ் பலமாகும், கொஞ்சமா ரொம்ப நேரம் கசிஞ்சா பலவீனமாகும். ஒரே தபால்காரர் தான், தட்டுற தட்டுல கல்யாணப் பத்திரிகையா கோர்ட் நோட்டீஸான்னு தெரிஞ்சுரும்.

இப்ப உன் சோதனைக்கு வரேன். சீனியர் வாய அடைக்கணும்னா தாப்சிகார்ஜின் போடு, 1 மைக்ரோமோலார், கால்சியம் இல்லாத பஃபர்ல பத்து பதினஞ்சு நிமிஷம். அது செர்கா பம்ப்ப நிறுத்திரும், டேங்க் ஒழுகிக் காலியாகும், அந்த ஒழுகலே ஒரு மெதுவான மேடா தெரியும் பாரு. அதுக்கப்புறம் டிஹெச்பிஜி குடுத்து ஒண்ணும் வரலன்னா ஈஆர் தான்னு முடிவு. தனியா எம்பெப் (மெட்டபோட்ராபிக் ரிசெப்டர் 5 அடைப்பான்) போட்டு ரிசெப்டர் 5ஆன்னு பாரு, ஹிப்போகேம்பஸ்ல பெரும்பாலும் அது தான். யூ-73122 (பாஸ்போலிபேஸ்-சி அடைப்பான்), 2-ஏபிபி (ஐபி-3 ரிசெப்டர் அடைப்பான்) ரெண்டையும் நம்பி ஒரு ஃபிகர் போட்டுடாத, ரெண்டுமே கண்ட இடத்துல கைய வைக்கும், 2-ஏபிபி ஐபி-3 ரிசெப்டரோட சேத்து டேங்க் ரொப்புற ஓராய் சானலையும் தொடும், யூ-73122 தானே கால்சியத்த ஆட்டி விடும். எனக்கு ஆறு மாசம் போச்சு இதுல.

லேப்கோட்_கோபாலு

சரி ஒத்துக்கிறேன், கலப்படம்னு சொன்னது அவசரம். அந்த 1 நானோமோலார் கணக்கு நானும் போட்டுப் பாத்தேன், சரியா தான் வருது.

ஆனா ஒரு கேள்வி. கால்சியம் அதிகமானா நியூரான் செத்துரும்ங்கறாங்க, ஸ்ட்ரோக்ல அது தான் நடக்குதுன்னு. அப்போ என்எம்டிஏ ரிசெப்டர அடைச்சா ஸ்ட்ரோக் சரியாகணுமே, ஏன் ஆகல?

பழைய_ரிக்

அந்தக் கேள்விக்குப் பின்னாடி நிறைய பேரோட பல வருஷம் போயிருக்கு தம்பி. குளூட்டமேட் அதிகமானா நியூரான் சாகும்னு ஓல்னி 1969ல சொன்னார், அதுல பெரிய பங்கு கால்சியத்தோடதுன்னு 80கள்ல டெனிஸ் சோய் டிஷ்ல காட்டினார். எலில என்எம்டிஏ அடைப்பான் பிரமாதமா வேலை செஞ்சுது. 90கள்ல மனுஷங்களுக்கு குடுத்தாங்க, செல்ஃபோடெல் மாதிரி மருந்து, ஒண்ணும் பலிக்கல. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள குளூட்டமேட் வெள்ளம் வடிஞ்சிருக்கும், அப்புறம் நாம அடைக்குற அதே ரிசெப்டர் தான் மிச்சமிருக்குற நியூரான உயிரோட வைக்கவும் வேணும். 2002ல ஹார்டிங்ஹாம், பேடிங் குரூப் ஒண்ணு சொன்னாங்க, சினாப்ஸ்ல இருக்குற என்எம்டிஏ ரிசெப்டர் வழியா வர்ற கால்சியம் க்ரெப்ப எழுப்பி செல்ல காப்பாத்தும், சினாப்ஸுக்கு வெளிய இருக்குறது வழியா வந்தா அதே க்ரெப்ப அணைச்சுரும்னு. அது எல்லா இடத்துலயும் அவ்ளோ சுத்தமா பிரியுதான்னு இன்னிக்கும் சண்டை ஓடுது, நான் எந்தப் பக்கமும் சத்தியம் பண்ண மாட்டேன்.

முழுசா அடைக்காம லேசா அடைக்குற மெமான்டின் மட்டும் அல்சைமருக்கு நின்னுது, அமெரிக்கால 2003ல. அது ஓட்டைக்குள்ள போய் சீக்கிரம் வெளிய வந்துரும், மெக்னீசியம் மாதிரியே கொஞ்சம் நாசூக்கான ஆள். கெட்டமினும் அதே ஓட்டை தான், ஆனா கொஞ்சம் கெட்டியா உக்காரும், அத டாக்டர் தான் சொல்லணும்.

மயக்கமருந்து_மதுரை

கெட்டமின் பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சுரும் சார், தனி திரி போடுறேன். இப்ப டியூட்டி.

சுண்டெலி_நியூரான்

ஒன்பது நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, கல்சர் ஒரு பேட்ச் ஃபங்கஸ் வந்து தூக்கிப் போட்டேன்.

அக்கா சொன்ன கேசிஎல் தந்திரம் பண்ணேன். முன்ன 40க்கு 12 வந்த இடத்துல இப்ப பாதிக்கு மேல செல் வருது, மேடும் உசரம். சார் சொன்ன மாதிரி இடைவெளிய மாத்துனேன், ஒரு நிமிஷத்துல குடுத்தா பெருசு, அஞ்சு நிமிஷம் விட்டுக் குடுத்தா சின்னது, பத்து நிமிஷத்துல பழைய மாதிரி. டேங்க் ஒழுகுதா எண்ணெய் காயுதான்னு இன்னும் பிரிக்கத் தெரியல, பேஸ்லைன் என்னமோ ரெண்டாவது நிமிஷமே இறங்கிருது, அதனால டேங்க் பக்கம் தான் சாயுறேன். எம்பெப் போட்டா மேடு காலி. தாப்சிகார்ஜின் போட்டா முதல்ல அந்த மெதுவான மேடு அப்படியே அக்கா சொன்ன மாதிரி வந்துது, அப்புறம் டிஹெச்பிஜிக்கு சுத்தமா ஒண்ணும் இல்ல.

ஆனா அடுத்த நாள் வேற டிஷ்ல, தாப்சிகார்ஜின் போடாமலே, எந்த செல்லும் டிஹெச்பிஜிக்கு அசையல. ரெண்டு நாளா மண்ட காயுது. பஃபர் ஓடுற டியூப் மாத்தல, அதானா?

ஃபுராவும்_நானும்

அதே தான். தாப்சிகார்ஜின் பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும், பஃபர் ஓட்டி கழுவுனா போகாது. செல்லுல ஒட்டுனாலும் லேசுல விடாது, அந்த டிஷ் போனது போனது தான். அதுக்குன்னு தனி டியூப், தனி சேம்பர் வச்சுக்கோ, சிவப்பு டேப் ஒட்டி பேர் எழுதிடு, இல்லன்னா வேற யாராவது எடுத்து மாட்டிட்டு உன்ன மாதிரி இங்க வந்து கேள்வி கேப்பாங்க.

சுண்டெலி_நியூரான்

டியூப் மாத்துனதும் வந்துருச்சு அக்கா!! சிவப்பு டேப் ஒட்டியாச்சு.

சீனியர் கிட்ட டிரேஸ் எல்லாம் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தார், ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் கிளம்பும்போது வந்து, அந்த கேசிஎல் எத்தன மில்லிமோலார் போட்டன்னு மட்டும் கேட்டுட்டு போனார்.